கருவி பொய் சொல்லக் கூடாது

(உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் பயிற்சிக்கு என்னென்ன சாமான் வாங்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் போடுவது சுலபம். அமெரிக்கக் கம்பெனிகளின் கேட்லாகைப் புரட்டினால் மணிக்கட்டுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாவற்றையும் வாங்குவதென்றால் பள்ளியின் விளையாட்டு நிதி போதாது, தலைமையாசிரியரின் பி.எஃப். பணத்தையும் சேர்த்துக் கரைக்க வேண்டியிருக்கும். அதனால் பட்டியலை விட்டுவிடுகிறேன். எந்தக் கருவியைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பெண் இப்போது செய்தது சரியா, தப்பா என்று இது உடனே, உண்மையாகச் சொல்லுமா? இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் சாமான் பெரும்பாலும் மலிவானது. விலை அதிகமான சிலது அழகாகப் பொய் சொல்லும்.

முதலில் ஆட்டத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கருவிகள் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. பேஸ்பாலில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடி. பேஸ்களுக்கு நடுவே அங்கே 90 அடி, இங்கே 60. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறக்குறைய 180இலிருந்து 200 கிராம். நம் கையில் பழகிய கிரிக்கெட் பந்து 160 கிராம் சொச்சம். அதைவிடப் பெரிய, கனமான பந்தைக் கையைக் கீழிருந்து ஒரு முழு வட்டம் சுழற்றி வீசுகிறார்கள். தேர்ந்த கல்லூரிப் பிட்சர் மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் வீசினால், ஓரெட்டு முன்னே வந்து பந்தை விடுவதையும் கணக்கில் சேர்த்தால், அது பேட்டரை அடைய 0.4 நொடிகூட ஆகாது. பேஸ்பாலில் 150 கி.மீ. வேகப் பந்துக்கும் ஏறத்தாழ அதே நேரம்தான். மட்டையைச் சுழற்றவே 0.15 நொடி போய்விடும். மிச்சம் இருப்பதில் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும்.

நேரம் சமம் என்றால் பெரிய பேஸ்பால்காரர்கள் சாஃப்ட்பாலையும் அடித்துவிட வேண்டுமே? 2004இல் ஒரு காட்சிப் போட்டியில் அதற்குப் பதில் கிடைத்தது. அமெரிக்க சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச் பந்து வீசினார். ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாஸா, பிரையன் ஜைல்ஸ் மூவரும் வந்தார்கள். அன்றைய பேஸ்பாலில் இவர்கள் பெயரைக் கேட்டாலே பந்துவீச்சாளர்களுக்கு வியர்க்கும். மூவருமே ஸ்ட்ரைக்-அவுட் ஆகித் திரும்பினார்கள். அனிச்சைச் செயலின் வேகம் குறைந்ததால் அல்ல. இத்தனை ஆண்டுகளில் அவர்கள் கண் படித்து வைத்திருந்தது மேலிருந்து வரும் கையை: தோள் எப்படித் திரும்பும், முழங்கை எங்கே போகும், விரல் பந்தை எப்படி விடும் என்பதை. பந்து பாதி தூரம் வருவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று உடம்பு கணித்துவிடுகிறது. ஃபின்ச் கீழிருந்து விட்டதும் அந்தப் படிப்பு முழுவதும் வீணாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த மொழியில் கேள்வித்தாளே வரவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஆசைப்படும் பொருளுக்கு வருவோம்: பிட்சிங் மெஷின்.

இந்த மெஷினின் பூர்வீகம் வேடிக்கையானது. 1897இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக் கொடுத்த சார்லஸ் ஹின்டன் என்பவர் வெடிமருந்தால் பந்தைத் தள்ளும் ஒரு துப்பாக்கியைச் செய்தார். நாலாவது பரிமாணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். ‘டெசராக்ட்’ என்ற சொல்லே அவர் கொடுத்தது. மாணவர்கள் அந்தப் பீரங்கிக்கு முன்னால் எப்படி நின்றார்களோ தெரியாது. இன்று நாம் காணும் சக்கர மெஷின் 1970களில் வந்தது. ஆரெகனில் ஜான் பால்சன் தொடங்கிய ஜக்ஸ் கம்பெனி அதைப் பரப்பியது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவே பந்து. மேல் சக்கரம் வேகமாகச் சுழன்றால் பந்து முன்பக்கம் உருண்டு தாழும்; கீழ்ச் சக்கரம் வேகமானால் பின்சுழற்சி பெற்று, தாழாமல் மிதந்து வருவது போல வரும். சாஃப்ட்பாலுக்கு மெஷினின் கால்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பந்து இடுப்பளவு உயரத்திலிருந்து வராவிட்டால் அது வேறு ஆட்டம். தையல் உள்ள பந்தைப் போட்டால் சக்கரம் தையலைப் பிடிக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும். கோல்ஃப் பந்து போலக் குழிகுழியாக இருக்கும் மெஷின் பந்தை வாங்குவதற்குக் காரணம் அதுதான்.

மெஷின் சொல்லும் பொய் எது? அதற்குக் கை கிடையாது. ஒரு துளை, அதிலிருந்து ஒரு பந்து. பேட்டருக்கு வேண்டிய பாடம் அந்தத் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய உடம்பு. கிரிக்கெட்டிலும் இதே கதை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பௌலிங் மெஷினுக்கு எதிராகவும் நிஜப் பந்துவீச்சாளருக்கு எதிராகவும் ஒரே ஆட்டக்காரர்களை ஆடவைத்துப் பார்த்தார்கள். கால் எடுத்து வைக்கும் நேரம், மட்டை பின்னால் போகும் நேரம் எல்லாமே மாறியிருந்தன. மெஷினிடம் நன்றாக அடிப்பவர் மெஷினிடம் நன்றாக அடிக்கக் கற்றிருக்கிறார். தினமும் அரை மணி நேரம் அதன் முன்னால் நின்ற பெண் சனிக்கிழமைப் போட்டியில் திணறினால், ‘நெட்டில் நன்றாகத்தானே அடித்தாள்’ என்று பயிற்சியாளர் தலையைச் சொறிகிறார்.

பணம் உள்ளவர்கள் இதற்கும் வழி தேடிவிட்டார்கள். பிட்சரின் வீடியோவைத் திரையில் ஓட்டி, கை பந்தை விடும் கணத்தில் திரையின் ஓட்டை வழியாகப் பந்து வரும்படி செய்த மெஷின்கள் உண்டு. ஜப்பானில் என்.டி.டி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடம், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டுகளில், சாஃப்ட்பால் வீராங்கனைகளோடு சேர்ந்து மெய்நிகர்க் கண்ணாடியில் பந்தைப் பார்க்கும் பயிற்சியை ஆராய்ந்தது. ஆனால் ஜப்பானியர்களிடம் அதைவிட நல்ல ‘கருவி’ ஒன்று இருந்தது. 2012இல் மணிக்கு 77 மைல், அதாவது 124 கி.மீ. வேகத்தில் வீசிப் பெயர் பெற்ற அமெரிக்கப் பிட்சர் மோனிகா ஆபட், பல ஆண்டுகள் ஜப்பான் லீகில் டொயோட்டா அணிக்கு ஆடினார். ஒலிம்பிக்கில் எதிர்கொள்ள வேண்டிய கையை அவர்கள் வீட்டிலேயே பார்த்துப் பழகினார்கள். 2021இல் நடந்த இறுதிப் போட்டியில் ஜப்பான் 2-0 என அமெரிக்காவை வென்றது. காரணம் அதுவேதான் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒன்று என்று சொல்வேன்.

நம்மிடம் மெஷின் இருந்தால் என்ன செய்வது? பந்து போடுபவர் பந்தை உயரக் காட்டி, கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, கை கீழே வரும் கணத்தில் உள்ளே விடட்டும். நாடகம்தான், ஆனாலும் பேட்டரின் கால் அசைவுக்கு ஒரு தாளம் கிடைக்கும். அதோடு, மெஷினைக் கேட்சர் பயிற்சிக்கும் மற்றப் பயிற்சிகளுக்கும் கொடுங்கள். தரையில் குத்தி வரும் பந்தை மார்பால் தடுப்பது, உயரே வரும் ரைஸ் பாலை வாங்குவது, பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் அடிப்பது, அவுட்ஃபீல்டுக்கு உயரப் பந்து அனுப்புவது — இவற்றில் ஒரே மாதிரிப் பந்து நூறு முறை வேண்டும். அங்கே மெஷின் நேர்மையான வேலைக்காரன்.

இனி பிட்சர். என் பேச்சில் பாதியை இவருக்கே கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் ஃபாஸ்ட்பிட்ச் பிட்சரின் ஆட்டம்.

இதோ இந்தப் பந்தைப் பாருங்கள். சாதாரணப் பந்து, நடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டியிருக்கிறேன். டேப் விரல்களின் திசையில் போகும்படி பந்தைப் பிடித்து, தாழ்ந்து விழும் டிராப் பாலோ ரைஸ் பாலோ வீசச் சொல்லுங்கள். சுழற்சி சுத்தமாக இருந்தால் பந்து வரும் வழியெல்லாம் அந்தக் கறுப்புக் கோடு அசையாமல் நேராக நிற்கும். அச்சு கொஞ்சம் சாய்ந்தால் கோடு தள்ளாடும். பந்தைத் துப்பாக்கிக் குண்டு போலத் திருகிவிட்டால் கோடு மின்விசிறி இறக்கையாகச் சுற்றும். வீசிய பெண்ணுக்கும் தெரியும், பிடித்தவருக்கும் தெரியும், வாக்குவாதமே இல்லை. நம் பெண்கள் பலர் ‘ரைஸ் பால்’ என்று பெருமையாக வீசுவது இந்தத் திருகுப் பந்துதான் என்பதை டேப் முதல் நாளே காட்டிக் கொடுத்துவிடும். மைதானத்தில் அடிபட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது நல்லது.

இந்தத் தட்டையான பொருளின் பெயர் ஸ்பின்னர். பந்தின் இரு பக்கத்தையும் சீவி எடுத்தது போல இருக்கும். உருண்டைப் பந்து தப்பான சுழற்சியை மன்னித்துவிடும். தட்டை மன்னிக்காது, ஆட்டம் கண்டுவிடும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் மைதானம் கிடையாது. கார் நிறுத்தும் ஷெட்டில் நின்று இதையும், சுருட்டிய காலுறைப் பந்தையும் சுவரில் வீசுவார்கள். அப்பா கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியில் உட்கார்ந்து கேட்சர் வேலை பார்ப்பார். உட்காரும் இடம் வலிக்கும் என்று அந்த வாளிக்கு மெத்தை வைத்த மூடியையும் விற்கிறார்கள். சாஃப்ட்பால் உலகில் ‘வாளி அப்பா’ என்றே ஒரு வகையினர் உண்டு. ஜென்னி ஃபின்ச்சின் அப்பா டக் ஃபின்ச் ஒருபடி மேலே போய், கைச்சுழற்சிக்கு வலு சேர்க்க ஒரு கருவியையே உருவாக்கி ‘ஃபின்ச் விண்ட்மில்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். வாளியா, விண்ட்மில்லா என்றால், தினமும் மாலையில் வந்து உட்காரும் வாளிக்கே என் ஓட்டு.

இப்போது கொஞ்சம் சண்டை இழுக்கும் விஷயம். மணிக்கட்டுப் பயிற்சி. பிட்சர் கேட்சரைப் பார்த்து நின்று, இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் சொடுக்கிப் பந்தை விடுவார். பயிற்சி தொடங்கும்போது ஐம்பது முறை. வீசி முடித்ததும் முழங்கையை மடக்கி மேலே தூக்கி, அது கேட்சருக்கு ‘ஹலோ’ சொல்வது போலக் காட்ட வேண்டும். இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கென்றே மணிக்கட்டில் மாட்டும் பட்டைகளும் கட்டைகளும் விற்பனையாகின்றன.

பிறகு செல்போனில் ஸ்லோமோஷன் வந்தது. நொடிக்கு 240 படம். ஒலிம்பிக் பிட்சர்களின் வீச்சை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தால், சொல்லிக் கொடுத்ததும் செய்ததும் வேறு வேறு. கை இறங்கும்போது முழங்கை லேசாக மடங்கி இருக்கிறது. முன்கை இடுப்பை உரசுகிறது. அந்தக் கணத்தில் மேற்கையும் முன்கையும் உள்பக்கமாகச் சுழல்கின்றன; வேகம் அங்கேதான் பிறக்கிறது. மணிக்கட்டு அந்தச் சுழற்சியின் வாலில் தானாகப் போகிறது. கை தளர்ந்து உடம்பின் குறுக்கே முடிகிறது. ‘ஹலோ’ எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி வீசுகிறவர்களே பயிற்சி முகாமில் மைக்கைப் பிடித்தால் ‘மணிக்கட்டைச் சொடுக்குங்கள்’ என்று சொல்வார்கள். தன் உடம்பு என்ன செய்கிறது என்பது வித்தைக்காரருக்கே முழுசாகத் தெரிவதில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர்களிடையே இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. படத்தைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகம் இல்லை: மணிக்கட்டைத் தனியே பிரித்துப் பழக்கும் கருவி, நடக்காத ஓர் அசைவைப் பழக்குகிறது. அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு ஸ்டாண்டு மட்டும் வாங்குங்கள். பிட்சர் பந்து வைத்திருக்கும் கைப்பக்கம் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, இரண்டும் இடுப்பு உயரத்தில். பக்கத்திலிருந்து எடுத்தால் பந்து எங்கே விடுபடுகிறது என்று தெரியும். பின்னாலிருந்து எடுத்தால் கை வட்டம் நேர்கோட்டில் போகிறதா, முதுகுக்குப் பின்னால் வளைகிறதா என்று தெரியும். தரையில் சுண்ணாம்பால் பிட்சர் பிளேட்டிலிருந்து ஹோம் பிளேட் வரை ஒரு கோடு இழுத்துவிட்டால், கால் எங்கே விழுந்தது என்பதற்கும் சாட்சி கிடைத்துவிடும்.

ரேடார் கன் பற்றிக் கேட்பீர்கள். போலீஸ்காரர் வண்டியின் வேகத்தைப் பார்க்கும் கருவியை 1974இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் பயிற்சியாளர் டேனி லிட்வைலர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். அது பொய் சொல்லாது. சொல்வது அரை உண்மை. எண் மட்டும் காட்டும். சுழற்சி தெரியாது, இடம் தெரியாது. பதினான்கு வயதுப் பெண்ணின் கண்ணில் அந்த எண் பட்டுவிட்டால் அடுத்த இருபது பந்தும் அதற்காகவே வீசப்படும், தோளைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள். திரையைப் பிட்சருக்குக் காட்டாமல் நீங்கள் மட்டும் பாருங்கள். அதற்கு ஓர் அருமையான உபயோகம் உண்டு: சேஞ்ச்-அப். கை அதே வேகத்தில் சுழன்று, பந்து மட்டும் மெதுவாகப் போனால்தான் பேட்டர் ஏமாறுவார். போன் கையின் வேகத்தைக் காட்டும், ரேடார் பந்தின் வேகத்தைக் காட்டும். கை மாறாமல் பந்து இருபது கி.மீ. குறைந்திருந்தால் பெண்ணைத் தட்டிக் கொடுங்கள்.

பேட்டிங் பக்கம் ஒரு பொய்க்காரர் இருக்கிறார், வளையம். மட்டையில் மாட்டும் கனமான டோநட். நியூயார்க் யாங்கீஸ் கேட்சர் எல்ஸ்டன் ஹோவர்ட் 1960களில் பிரபலமாக்கியது. அதை மாட்டி நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினால் மட்டை இறகாக இருக்கும். ‘இன்று பிளந்துவிடுவேன்’ என்று தோன்றும். அளந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், கழற்றியவுடன் வரும் வீச்சு வழக்கத்தைவிட மெதுவாகவே இருந்திருக்கிறது. உணர்வு ஒன்று, அளவு வேறொன்று. பழகிய மட்டையையே நாலு முறை சுற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

உண்மை பேசுவது டீ, அதாவது அசையாத பந்தைத் தலையில் வைத்து அடிக்கும் தாங்கி. சின்னக் குழந்தைகளின் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். ஒலிம்பிக் பேட்டர்களும் அதில்தான் நாளைத் தொடங்குகிறார்கள். பி.வி.சி. குழாய், அதன் தலையில் லாரிப் பட்டறையில் கிடைக்கும் பழைய ரேடியேட்டர் ஹோஸ் துண்டு, அடியில் சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பா: தீர்ந்தது வேலை. மட்டை கீழே போனால் ரப்பரில் ‘தொப்’பென்று விழும், அந்தச் சத்தமே தீர்ப்பு. பந்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். உடம்பை ஒட்டி வரும் பந்துக்கு டீயை முன்காலுக்கும் முன்னே வைக்க வேண்டும். வெளிப்பக்கப் பந்துக்குப் பின்னால் தள்ளி, முன்காலுக்கு நேராகவோ சற்று உள்ளேயோ வைக்க வேண்டும். எப்போதும் நடுவிலேயே வைத்து அடிக்கிற பெண்ணுக்கு நடுப்பந்து மட்டும்தான் அடிக்க வரும். எந்தப் பிட்சரும் அதைத் தரமாட்டார்.

ஃபீல்டிங்குக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. பிடிப்பு இல்லாத தட்டைப் பயிற்சி கிளவுஸ் ஒன்று. பந்தை இரு கையால் வாங்காவிட்டால் விழுந்துவிடும், அவ்வளவுதான் அதன் பாடம். சுவர், டென்னிஸ் பந்து, கோணல்மாணலாகக் குதிக்கும் ரியாக்‌ஷன் பால் போதும். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன்: 60 அடி பேஸில் மூன்றாம் பேஸ் காவலர் பன்ட்டுக்காக முன்னே வந்து நிற்பார். முகக்கவசம் இல்லாமல் அந்த இடத்தில் பயிற்சிக்கும் நிறுத்தாதீர்கள். பந்து வீசிக் கொடுப்பவருக்கு முன்னால் எல் வடிவ வலை இல்லாமல் பேட்டிங் பயிற்சி தொடங்காதீர்கள்.

கடைசியாக, சில நூறு ரூபாய்கூட ஆகாத ஒரு பொருள். பஸ்ஸில் ஆள் எண்ணுபவர் கையில் இருக்கும், கட்டைவிரலால் அழுத்தும் எண்ணி. கீழிருந்து வீசுவது இயற்கையான அசைவு, தோளுக்குக் கேடில்லை என்று நெடுநாள் நம்பினார்கள். அதனால் சிறுவர் பேஸ்பாலில் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வந்த பிறகும் சாஃப்ட்பாலில் ஒரே பெண் காலையிலும் மாலையிலும் வீசிக்கொண்டிருந்தாள். 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கை வட்டமடித்து இறங்கும்போது தோளிலிருந்து கையை இழுத்துப் பறிக்கப் பார்க்கும் விசையை அளந்தது. அது வீசுபவரின் உடல் எடையை நெருங்கும் அளவுக்கு இருந்தது. 2008 பெய்ஜிங்கில் யூகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்து வீசி ஜப்பானுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லியே பள்ளிப் பெண்களை வீசவைக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அப்போது 26 வயது, தொழில்முறைத் தயாரிப்பு உள்ளவர். நம்மிடம் வருபவள் ஒன்பதாம் வகுப்பு. ஆட்டத்தில் வீசியதை ஸ்கோர் ஷீட்டில் பார்த்துக்கொள்ளலாம். சூடேற்றுவதற்கு வீசியது, இன்னிங்ஸ் நடுவில் வீசியது, வீட்டில் அப்பாவுக்கு வீசியது எதிலும் எழுதப்படுவதில்லை. அதையெல்லாம் இந்த எண்ணியில் அழுத்தி, வாரக் கடைசியில் கூட்டி, அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக நோட்டில் எழுதி வையுங்கள். ‘தோளின் முன்பக்கம் வலிக்கிறது சார்’ என்று அவள் வந்து நிற்கும்போது முதலில் அந்த நோட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். டாக்டரிடம் போகும்போதும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

டேப் ஒட்டிய பந்துகள் பையில் இன்னும் இருக்கின்றன; வீசிப் பார்க்க விரும்புகிறவர்கள் மைதானத்துக்கு வரலாம்.